வருஷம் போடாத நோட்டீஸும் பதினொரு பிள்ளைகளும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் வகுப்பு எடுக்கிறேன். பெரிய நிலையம் எல்லாம் இல்லை. இரண்டு வாங்கு, ஒரு வெள்ளைப் பலகை, தரம் 8, 9 படிக்கிற பதினொரு பிள்ளைகள், அவ்வளவுதான். தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை அந்தப் பதினொரு பேரையும் ஒரு கண்காட்சி காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். போன இடத்தில் கண்காட்சியே இல்லை. மழைக்குள் கேற்றடியில் பிள்ளைகளை நிறுத்திவிட்டு நானும் நின்றேன். துணைக்குப் பெரியவர்கள் யாரும் வரவில்லை. எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அன்றிரவு சாப்பிடவும் மனமில்லாமல் படுத்தபோது, முதலே ஒருவர் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

தொடங்கியது ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பாடத்தில். கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பொடியன், "அப்பவும் இப்பிடித்தான் நெரிசலா டீச்சர்?" என்று கேட்டான். பதில் தெரியாமல் சமாளித்தேன். அந்த வாரமே மச்சாளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. பழைய கொழும்பின் வரைபடங்களும் புகைப்படங்களும், கொழும்பு 7 இல் ஒரு மண்டபம், மே 18 ஞாயிறு தொடக்கம் ஜூன் நடுப்பகுதி வரை, அனுமதி இலவசம். அதற்குக் கீழே இருந்த வரிதான் என்னைக் கவிழ்த்தது: ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10.30க்குத் தமிழில் வழிகாட்டல். கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாலு கண்காட்சிக்குப் போனவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும். பலகையில் தமிழ் இருக்கும், அதிலும் எழுத்துப்பிழை இருக்கும். நின்று நிதானமாகத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. தமிழ் என்ற சொல்லைக் கண்டதும் மற்றதெல்லாம் என் கண்ணில் படவில்லை.

பட்டிருக்க வேண்டியது என்ன என்று இப்போது சொல்கிறேன். நோட்டீஸில் வருடம் இல்லை. மே 18 ஞாயிறு என்று போட்டிருந்தார்கள். இந்த வருடம் மே 18 திங்கட்கிழமை. சுவரில் கலண்டர் தொங்குகிறது, ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் அது போன வருடத்து நோட்டீஸ் என்று அப்போதே பிடிபட்டிருக்கும். ஒரே திகதி அடுத்த வருடம் ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளித்தான் வரும், அதே கிழமையில் வராது. ஆகவே நோட்டீஸில் திகதியும் கிழமையும் இருந்தால் இரண்டையும் கலண்டரில் பொருத்திப் பாருங்கள். அரை நிமிட வேலை. கிழமை போடாமல் வெறும் திகதி மட்டும் இருந்தால் இன்னும் கூடச் சந்தேகப்படுங்கள். யார் முதலில் அனுப்பியது என்று கேட்டுக்கொண்டு பின்னால் போனால், மச்சாளுக்கு அவருடைய சிநேகிதி, சிநேகிதிக்கு வேறு யாரோ. கடைசி ஆளுக்கே தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் ஒருவரிலும் கோபப்படவும் முடியாது.

நோட்டீஸில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. சனி ஞாயிறு வேலை செய்கிற ஆட்கள், இன்றைக்கு ஓய்வாக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். மனிதருக்கு ஆசை வந்துவிட்டால் எடுக்காத போனுக்கும் நல்ல அர்த்தம் சொல்லும். அடுத்த நாளும் அடித்திருக்க வேண்டும், எடுக்காவிட்டால் பயணத்தையே நிறுத்தியிருக்க வேண்டும்.

காசுக் கணக்கு இப்படி. பிள்ளைக்கு 1,500 ரூபாய்ப்படி 16,500 சேர்ந்தது. கே.டி.எச். வேன் ஒன்று, பகல் 1 மணி வரைக்கும் 10,500. மதியச் சாப்பாடு, டிரைவருக்கும் எனக்கும் சேர்த்து 13 பார்சல், ஒன்று 450 ரூபாய், மொத்தம் 5,850. கையில் மிச்சம் 150 ரூபாய். தண்ணீர்ப் போத்தலுக்குக் காணும் என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு பிள்ளைகளோடு வெளிக்கிடுகிறவள் 150 ரூபாயைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு போயிருக்கிறேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகளோடு போவதென்றால் சேர்த்த காசில் ஐந்தில் ஒரு பங்கையாவது தொடாமல் வையுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

அன்று காலை 9 மணிக்கு வெளிக்கிட்டோம். ஆமர் வீதி, மருதானை, நகர மண்டபம். சனிக்கிழமை என்றாலும் நெரிசல்தான். பின்னால் பிள்ளைகள் பாட்டு. 10.15க்கு மண்டபத்தடியில் வேன் நின்றது. கேற்றில் பெரிய பனர் தொங்கியது. பழைய கொழும்பைக் காணவில்லை, கட்டில் மெத்தை அரைவிலை என்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வரைபடம் தொங்க வேண்டிய சுவரெல்லாம் பொலித்தீன் சுற்றிய மெத்தைகள் நிமிர்ந்து நின்றன. வேறு வாசல் இருக்குமாக்கும் என்று காவலாளியிடம் போய் போனில் இருந்த நோட்டீஸைக் காட்டினேன். வயதான மனிதர். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிசாக்கி, ஆறுதலாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஏக்க இவரய் மிஸ். கிய அவுருத்தே" என்றார். அது முடிந்துவிட்டது, போன வருடம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத்தான் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மழையும் தொடங்கியது. பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தம் போட்டாவது சமாளித்திருப்பேன். காதில் சிங்களம் விழுந்திருக்கிறது, விளங்கியிருக்கிறது, ஆனாலும் டீச்சர் சொல்லட்டும் என்று பேசாமல் நின்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெற்றோரில் இரண்டு பேர் சந்தைக்குச் சாமான் தூக்குகிறவர்கள், ஒருவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். 1,500 ரூபாய் அவர்களுக்கு லேசுப்பட்ட காசில்லை. டிரைவர் தம்பி வேனுக்குள் இருந்தபடியே, "அக்கா, ஏத்துங்க பிள்ளைகளை, நனையுது" என்றார். ஏற்றினேன். வேனுக்குள் இருந்து என்ன செய்யலாம் என்று யோசித்த அந்தப் பத்து நிமிடத்தில் திரும்பி வீட்டுக்கே போகலாம் என்றுதான் முடிவுக்கு வந்தேன். அப்போது ஒரு பிள்ளை, "டீச்சர், அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்துக்குப் போக ஏலாதா?" என்றாள்.

தேசிய நூதனசாலையைத்தான் சொன்னாள். ஐந்து நிமிட ஓட்டம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. சின்ன வயதில் பாடசாலையால் கூட்டிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. புதிதாக ஏதாவது கண்காட்சி வந்தால்தான் போக வேண்டும், மற்றும்படி அங்கே என்ன இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு எப்படியோ ஊறிப்போயிருந்தது. சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையால் உள்ளே போகும்போது புல்வெளியில் ஆளுநர் கிரகரியின் சிலை நனைந்துகொண்டு நின்றது. அவர் காலத்தில்தான் 1877 ஜனவரி 1ஆம் திகதி இந்த நூதனசாலை திறந்தது. கட்டடத்தை வரைந்தவர் ஸ்மிதர், கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்று மரைக்கார் கேட்டார் என்று ஒரு கதை இருக்கிறது. பல காலம் வெள்ளிக்கிழமை அது மூடித்தான் கிடந்தது. என் மாணவன் ஒருவன், ஜும்மாவுக்குப் போகிறவன், அந்தக் கதையைக் கேட்டதும் கட்டடத்தையே தன் வாப்பாவின் வாப்பா கட்டியது மாதிரி நிமிர்ந்து பார்த்தான். இதில் உங்களுக்கும் ஒரு விசயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூடல் என்று இன்றைக்கும் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் போன காலத்தில் அப்படித்தான். திறக்கிற நாள், நேரம், டிக்கெட் விலை மூன்றையும் யாருடைய ஞாபகத்திலிருந்தும் எடுக்காதீர்கள். பௌர்ணமிப் போயா நாளும் பொது விடுமுறையும் இருந்தால் இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

உள்ளே போனதும் முதல் அரை மணித்தியாலம் வீண். அது என் பிழை. ஆயத்தம் இல்லாமல் போனதால் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பெட்டி இழுத்துக்கொண்டு திரிந்தேன். மட்பாண்டம், கல், காசு, இன்னொரு மட்பாண்டம். கொட்டாவி வந்துவிட்டது. நல்ல வேளையாகக் கண்டி மன்னரின் சிம்மாசனம் வந்தது. 1693 இல் ஒல்லாந்த ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 1815 இல் கண்டி விழுந்தபோது ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போனார்கள், 1934 இல் குளோஸ்டர் கோமகன் வந்தபோது திருப்பித் தந்தார்கள். இதைச் சொன்னதும் நெரிசல் கேள்வி கேட்ட அதே பொடியன், "அப்ப குடுத்தது ஒரு ஆள், எடுத்தது வேற ஆளா?" என்றான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தியின் கொப்பியில் நாலு கோடு போடச் சொன்னேன்: பொருள், கொடுத்தவர், எடுத்தவர், திரும்பி வந்த வருடம். முதல் வரி சிம்மாசனம்.

இரண்டாவது வரிக்கு லெவ்கே திசாவையின் பீரங்கி. பெயர்தான் பீரங்கி, பார்த்தால் நகைக்கடைச் சாமான் மாதிரி இருக்கும். வெண்கலக் குழாய், அதில் வெள்ளி, தங்கம், சிவப்புக் கல். கண்டி மன்னருக்குத் திசாவை, அதாவது மாகாணத் தலைவர், ஒருவர் கொடுத்த பரிசு. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது தூக்கிக்கொண்டு போய், அது ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் நூதனசாலையில் இருந்தது. 2023 கடைசியில்தான் வாள்கள், கத்தி, துப்பாக்கிகளோடு சேர்த்து ஆறு பொருட்களாகத் திரும்பி வந்தது. கொப்பிக்காரி கணக்குப் பார்த்து, "258 வருஷம் டீச்சர்" என்றாள். மற்றவன், "ஒல்லாந்தர் கதிரையைத் தந்திட்டு பீரங்கியை எடுத்திட்டாங்க" என்றான். மூன்று வாரமாக நான் பலகையில் எழுதி எழுதிச் சொன்ன பாடம் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. நான் பழைய வரைபடம் தேடி மெத்தைக் கடைக்குப் போனவள், அதே ஒல்லாந்தர் எந்த நோட்டீஸும் இல்லாமல் இங்கே இருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எனக்கும் உசார் வந்துவிட்டது. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டுக்குப் போனோம். சீனத்துக் கடற்படைத் தளபதி செங் ஹோ வைத்த கல், 1409ஆம் ஆண்டு என்று பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. மேலே இரண்டு டிராகன். 1911 இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்டெடுக்கும்வரை அது கால்வாய்க்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தெனவரை என்றால் தெற்கே தெவிநுவர. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பொன்னும் வெள்ளியும் பட்டும். பிள்ளைகள் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்துத் தமிழ் எழுத்துத் தேடினார்கள். தேய்ந்த கல். ஆளுக்கொரு 'ப', ஒரு 'ட' கண்டுபிடிக்கவே நேரம் போனது. ஒருவன் கண்டதை மற்றவனுக்குக் காட்ட, அவன் அது கீறல் என்று சண்டை பிடித்தான். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் தங்கள் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவும் என் மாணவியும் ஒருவருக்கொருவர் கையால் காட்டிச் சிரித்துக்கொண்டதை நான் ஒரு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

பொலன்னறுவையிலிருந்து வந்த வெண்கலச் சிலைகளுக்குள் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். எலும்பும் தோலுமாகக் குந்தியிருந்து தாளம் போடுகிற அம்மையார். "பேயா டீச்சர்?" என்று கேட்டார்கள். ஆம், பேயுருவம் தானே கேட்டு வாங்கியது என்று மாங்கனிக் கதையைச் சொன்னேன். அருகில் நின்ற வேறு இரண்டு குடும்பங்களும் காது கொடுத்தன. தமிழில் வழிகாட்டல் தேடி வந்த இடத்தில் கடைசியில் அதை நானே செய்தேன், தொண்டை கட்டும்வரை.

சாப்பாடு அடுத்த கூத்து. விஹாரமகாதேவிப் பூங்காவில் புல்லில் இருந்து சாப்பிடுவதுதான் திட்டம். மழை விடவில்லை, வேனுக்குள்ளேயே பார்சலைப் பிரித்தோம். ஒரு பார்சல் கவிழ்ந்து கோழிக்குழம்பு முழுக்க சீட்டில். டிரைவர் தம்பி முகம் சுளிக்கவில்லை, ஆனால் சீட் கழுவ 1,500 வாங்கினார். நியாயம்தான். 1 மணிக்கு முடிய வேண்டிய பயணம் 3 மணிக்குத்தான் முடிந்தது, அதற்கு 2,000. இரண்டு தாய்மார் இரவே போன் எடுத்து, கண்காட்சி இலவசம் என்றுதானே சொன்னீங்க, அப்ப பிள்ளை என்ன பார்த்தது என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனால் கேள்வி சுட்டது. சொன்னதைக் காட்டவில்லை என்பதால் எல்லோருக்கும் தலைக்கு 300 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன், 3,300 ரூபாய். நூதனசாலை டிக்கெட்டையும் தண்ணீரையும் கணக்கில் எடுக்காமலே என் கையிலிருந்து 6,800 ரூபாய் போனது. சனிக்கிழமை காலை இரண்டு வகுப்பும் போனது. இதில் எனக்கு வலித்தது 6,800 இல்லை. அந்தக் காவலாளி பிள்ளைகளைப் பார்த்த பார்வை.

அடுத்த சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் தனியாக 138 பஸ் பிடித்துத் திரும்பவும் அந்தப் பக்கம் போனேன். ஒரு நாள் முழுக்க நடந்து திரிந்து கேட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை, ஒரு வாரம் பிந்திச் செய்தேன். குழுவாகப் போகிறவர்கள் யாராவது ஒருவர் இப்படி ஒரு தரம் முன்னோட்டம் பார்த்துவிட்டு வந்தால் போதும். கழிப்பறை எங்கே, பஸ் வேன் எங்கே நிற்கலாம், மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம், எந்தக் கூடம் திருத்த வேலைக்காக மூடியிருக்கிறது. இவையெல்லாம் எந்த நோட்டீஸிலும் வராது.

இடத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மியூசியத்துக்கு என்று டிரைவரிடம் சொல்லி ஏறினால் எங்கேயும் இறங்கலாம். தேசிய நூதனசாலை ஒன்று. அதே வளவில் 1986 இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலை வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்துத் தவறான வாசலில் காத்திருந்த ஒரு குடும்பத்தை அன்றே கண்டேன். நவீன ஓவியங்களுக்கான நூதனசாலை ஒன்று 2019 இல் தொடங்கியது, அதை இந்தப் பக்கம் தேட வேண்டாம், நான் போனபோது கொள்ளுப்பிட்டியில் கடைத்தொகுதி ஒன்றுக்குள் இருந்தது. அங்கே அனுமதி இலவசம், குறிப்புகள் மூன்று மொழியிலும் இருந்தன, தமிழும் படிக்கிற தமிழாக இருந்தது. அவர்களுடைய கண்காட்சிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும், ஆகவே சிநேகிதி பார்த்தது நீங்கள் போகும்போது இருக்காது. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை, 17ஆம் நூற்றாண்டு வீடு. ஒல்லாந்தர் பாடம் நடத்துகிற நான், கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு 10,500 ரூபாய்க்கு வேன் பிடித்திருக்கிறேன். அதற்கும் போகுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பழைய கட்டடங்கள் திருத்த வேலைக்கு அடிக்கடி மூடும்.

நூதனசாலைக்குப் பின்புறம் போகிற வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். நூதனசாலை திறந்த அதே 1877 இல்தான் அவரும் கொழும்பில் பிறந்தார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையே என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது. பழைய ஆட்களுக்கு அது கிரீன் பாத். கலா பொல என்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள், அந்த வீதியோரம் முழுக்க ஓவியர்கள் வந்து படங்களைப் பரப்புவார்கள். 1993 இல் தொடங்கியது. போய்ப் பார்க்க ஒரு காசும் வேண்டாம், ஓவியரோடே நின்று கதைக்கலாம். ஆனால் ஒரு நாள் நிகழ்வு, தவறவிட்டால் அடுத்த வருடம்தான். இந்த மாதிரி நிகழ்வுகளின் பழைய நோட்டீஸ்தான் வருடக்கணக்கில் போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கும், ஏனென்றால் படம் வடிவாக இருக்கும், யாருக்கும் அழிக்க மனம் வராது.

போன் எடுத்துக் கேட்பது எப்படி என்றும் ஒன்று படித்தேன். "கண்காட்சி இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்த நூதனசாலையிலும் எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும். நோட்டீஸில் இருக்கிற தலைப்பைச் சொல்லி, இந்தச் சனிக்கிழமை, இன்ன திகதி, இன்ன மணிக்கு, எந்த மண்டபத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மண்டபத்தை வெளியாட்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே கட்டடத்துக்காரருக்கு உள்ளே நடப்பது தெரியாது, நடத்துகிறவரைத்தான் பிடிக்க வேண்டும். தமிழ் வழிகாட்டலைப் பற்றி "தமிழ் இருக்கா?" என்று கேட்காதீர்கள். பலகையில் தமிழ் இருந்தாலும் "இருக்கு" என்பார்கள். "அன்றைக்குத் தமிழில் விளக்குகிற ஆள் வருகிறாரா?" என்று கேளுங்கள், கடைசியில் பேசியவரின் பெயரையும் வாங்குங்கள். பெயர் சொல்ல வேண்டி வந்தாலே பதில் கொஞ்சம் கவனமாக வரும். பாடசாலைப் பிள்ளைகள் என்றால் கடிதம் கொண்டு வந்தால் சலுகை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். என்னைப்போல வாசலில் நின்று கேட்கத் தேவையில்லை. உங்கள் அடையாள அட்டையையும் மறக்க வேண்டாம், உள்ளூர் ஆளுக்கும் வெளிநாட்டவருக்கும் டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று, இது அனுபவத்தில் மட்டும் வந்த புத்தி. கண்காட்சியைத் தேடிப் போனாலும் அந்த வட்டாரத்தில் நிரந்தரமாக இருக்கிற மூன்று பொருளை முதலே தெரிந்து வையுங்கள். மூன்றே மூன்று போதும். ஒரு கூடம் முழுக்கக் காட்ட நினைத்தால் என் முதல் அரை மணித்தியாலம் மாதிரித்தான் ஆகும். ஒரு கொப்பியும் ஒரு கேள்வியும் கொடுத்துவிட்டால் பிள்ளைகளே இழுத்துக்கொண்டு போவார்கள். நான் இப்போது சிம்மாசனம், பீரங்கி, மும்மொழிக் கல் மூன்றுக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதிக் கோவையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கொப்பிக் கோட்டு அட்டவணை இப்போது பதினொரு கொப்பியிலும் இருக்கிறது, வரிகள் கூடிக்கொண்டு போகின்றன. போன வாரம் நெரிசல் கேள்விக்காரனின் அம்மா வகுப்புக் குழுவில் ஒரு நோட்டீஸ் போட்டிருந்தார். கொழும்பில் ஏதோ புகைப்படக் கண்காட்சி, வடிவான படம், கீழே தமிழிலும் எழுத்து. டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீங்களா என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுத முதல், அம்மாவின் போனிலிருந்தே மகன் எழுதியிருந்தான்: "வருஷம் போடல்ல டீச்சர். கலண்டரும் பாத்தன், கிழமை பிழை."